ஒரே ஒரு சுருள் R

இன்று புத்தூரில் பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போனேன். வாசல் பலகையில் எங்கள் இருவர் பெயரும் அழிந்துவிட்டது. அவர் போய் நாலு வருஷமானாலும் பலகையில் அவர் பெயர் இருந்தாக வேண்டும்.

அறுபத்திரண்டில் நடந்த எங்கள் கல்யாணத்தின் ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுபோயிருந்தேன். அதே எழுத்து வேண்டும் என்றேன்.

கம்ப்யூட்டரில் தேடிய கடைப் பெண் காட்டிய ஏழெட்டு எழுத்து வகைகளை வேண்டாமென்றேன். கடைசியில் கிடைத்தது. தடித்து மெலியும் கோடுகள், அடியில் சின்னப் பாதங்கள், கொடி போலச் சுருண்டு போகும் R-இன் கால்.

“அட்ரஸும் இதுலயே போடவாம்மா?”

“வேண்டாம்மா. இது பேருக்குத்தான் அழகு. அட்ரஸுக்குப் போட்டா போஸ்ட்மேன் திண்டாடுவார்.”

பத்திரிகையை உற்றுப் பார்த்தாள். “ராஜம்ங்கற உங்க பேருக்குச் சுருள் R. சாரோட ராகவனுக்கு மட்டும் ஏன் சாதா R?”

கான்வென்ட்டில் படித்தவள் அல்லவா, இதைக் கல்யாணமான மறுநாளே அவரிடம் கேட்டுவிட்டேன். “ப்ரூஃப் பார்க்கலையா நீங்க?”

“பார்த்தேன். ப்ரெஸ்ல அந்தச் சுருள் R அச்சு ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. உனக்குப் போடச் சொன்னேன்” என்றார்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். “இப்ப எத்தனை R வேணும்னாலும் வருங்க. ரெண்டு பேருக்கும் சுருளே போட்டுடறேன்.”

“வேண்டாம். சுருள் அவருக்கு. எனக்குச் சாதா.”

“பார்க்கறவங்க தப்புன்னு நினைப்பாங்களேம்மா!”

“நினைக்கட்டும்.”

இத்தனை வருஷம் நான் வைத்துக்கொண்டிருந்தேன். இனி அவர் முறை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த R-ஐப் பற்றிப் புகார் சொல்ல வேண்டாம். வேறு தப்பு கண்ணில் பட்டால் உடனே எழுதுங்கள்; பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.