டீச்சருக்குக் கிடைத்த தொலைநோக்கி நேரம்

ஆராய்ச்சிக்கு வரும் முன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் என்பதால், வானியல் குழுவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். குழுவில் அவள் ஒருத்திதான் பெண். தொலைதூர விண்மீன் மண்டலங்களில் ஹைட்ரஜன் வாயு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை. அதற்கு ரேடியோ தொலைநோக்கியில் நேரம் வேண்டும். பலமுறை கேட்டும் கிடைக்காத நேரம் கடைசியில் கிடைத்தபோது அவளுக்கு ஆறாம் மாதம்.

ஒரு நாள், உடன் படிக்கும் நெட்டையன் தயங்கித் தயங்கி வந்தான். "டீச்சர், உங்க நேரத்தை என்னை எடுத்துக்கச் சொல்லிட்டார் சார். உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாது. நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா," என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். "இந்த நேரத்துல அவ்வளவு தூரம் எதுக்கு அலையணும்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். டாக்டர் போகலாம்னுட்டாங்க. நான் போறேன்."

"வீட்ல ஒத்துக்குவாங்களா?"

"மாமியாரும் கூட வராங்க."

அது பொய். வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமியாரிடம் விஷயத்தையே சொன்னாள்.

"என் பேரைச் சொல்லிட்டு வந்து இப்பக் கேக்கறியா?" என்றார் மாமியார். "சரி, எப்பக் கிளம்பணும்?"

தொலைநோக்கி நிலையத்துக்குப் போன அன்று பலத்த காற்று. கிண்ணம் போன்ற பெரிய ஆன்டெனாவை அசையாமல் பூட்டி வைத்துவிட்டார்கள். மாமியார் ஜன்னல் வழியே பார்த்து, "இவ்வளவு பெரிய சட்டிய வெச்சுக்கிட்டு காத்துக்குப் பயந்தா எப்படி?" என்றார். பொறியாளர் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் காற்று அடங்கியது. ரேடியோ தொலைநோக்கிக்கு இரவும் பகலும் ஒன்றுதான். மாலைவரை டீச்சர் திரையை விட்டு நகரவில்லை. வீங்கிய அவள் கால்களை மாமியார் தூக்கி ஒரு நாற்காலிமேல் வைத்தார்.

எதிர்பார்த்ததில் பாதி வாயுகூட அந்த விண்மீன் மண்டலங்களில் இல்லை. தன் கணக்குதான் தப்பு என்று நினைத்தாள். மகள் பிறந்து தவழத் தொடங்கிய பிறகு, நெட்டையனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். விடை மாறவில்லை. அந்த வாயுக் குறைவே அவள் ஆய்வின் கண்டுபிடிப்பாயிற்று.

நெட்டையன் பட்டம் வாங்கி வெகுநாள் கழித்துத்தான் அவள் வாங்கினாள். வேலை தொலைநோக்கி நிலையத்திலேயே அமைந்தது. கணவருக்கு வேலை பழைய ஊரில். வாரக் கடைசியில்தான் குடும்பம் ஒன்று சேர்கிறது. மகள் யாரிடம் வளர்வது என்பதில் வந்த மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அண்மையில் அங்கே ஆராய்ச்சிக்கு இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். கட்டுப்பாட்டு அறையை ஒட்டி, தான் சண்டை போட்டுக் கட்டவைத்த பெண்கள் கழிப்பறையைத்தான் டீச்சர் அவர்களுக்கு முதலில் காட்டினாள்.