முறை மாற்றிய மாணவன்

“தண்ணி முறையை மாத்தினாலும் வயல் பாயுதுதானே மிஸ்? வகுப்பு முறையை மாத்தினால் மட்டும் ஏன் வரவு இல்லாமல் போகுது?”

நிருஷன் இப்படிக் கேட்டது பயிற்சிக்கூடத்தில், போதனாசிரியர் கமலாட்சியிடம். அவன் குதர்க்கத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

கிளிநொச்சியில் உள்ள ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் அவன் வீட்டு வயரிங் படிக்கிறான். தகப்பனுக்கு இடுப்பு நோவு, குனிய முடியாது. அதனால் வயல் அவன் பொறுப்பு. மழையில்லாத சிறுபோக வேளாண்மையில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறையன்று ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். அந்த நாட்களில் காலை வகுப்புக்கு அவனால் போக முடியாது.

ஆனாலும் பாடம் அவனைத் தேடி வரம்புக்கே வரும். போனைச் சட்டைப் பையில் வைத்து வகுப்பின் குரற்பதிவைக் கேட்டபடி மடையைப் பார்ப்பான். தண்ணீர் ஏறும்வரை ஈர மண்ணில் தடியால் மின்சுற்றைக் கீறுவான். பிழைத்தால் காலால் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குவான். பக்கத்து வயல் இராசமலர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “எட மோனை, உதென்ன, பாம்பு ஊர்ந்த தடமோ?” என்றார். “மாடிப்படி லைற் மாமி” என்றான் அவன். அந்தப் பக்கத்தில் மாடி வைத்த வீடு ஒன்றுகூட இல்லை.

குரற்பதிவை அனுப்புகிறவள் மாலைக் குழுவில் படிக்கும் லக்சிகா. மாலை வகுப்பு முடிந்தபின் பளையிலுள்ள வீட்டுக்குப் பஸ் பிடிப்பது அவளுக்குப் பெரும் பாடு. குரற்பதிவால் மட்டும் கைவேலை பழகவும் முடியாது. அதனால் வயல்காரர் தங்களுக்குள் செய்வதுபோல இருவரும் முறை மாற்றினார்கள். அவனுக்குத் தண்ணீர் வரும் நாளில் அவள் காலையில் வருவாள், அவன் மாலையில் போவான். வயலில் இரண்டு பேர் வாய்விட்டுச் சொன்னால் போதும். கல்லூரியிலும் அது போதும் என்று நிருஷன் நம்பியதுதான் பிழை. அவன் பெயர் மாலைப் பதிவில் இல்லை, அவள் பெயர் காலைப் பதிவில் இல்லை. ஒழுங்காக வந்த இரண்டு பேருக்கும் வரவு குறைந்தது. வரவு குறைந்தால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க முடியாது.

நிருஷன் கேட்டதற்கு அடுத்த கிழமை கமலாட்சி இருவரையும் கூப்பிட்டார். “வந்தனீங்கள் எண்டு என்னால எழுதேலாது. படிச்சனீங்கள் எண்டால் செய்து காட்டுங்கோ. பிறகு அதிபரோடை நான் கதைக்கிறன்.”

அவர் குறித்த நாளும் தண்ணீர் நாளாகவே அமைந்தது. நிருஷன் இராசமலரிடம் முறை மாற்றக் கேட்டான். அதோடு நிற்காமல் தண்ணீர் முறையைப் பதிந்து வைக்கும் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமும் போய்ச் சொன்னான். “எனக்குச் சொன்னது காணாதோ? இதென்ன புதுப் பழக்கம்?” என்று மாமி சிரித்தார்.

சோதனையில் இருவரின் விளக்குகளும் எரிந்தன. பரீட்சைக்கு அனுமதியும் கிடைத்தது.

வயலாலோ கடலாலோ வகுப்புத் தவறுகிற பிள்ளை உங்கள் பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். முறை மாற்றலாம், பதிவு எடுப்பவரிடமும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரக் கையால் சுவிச்சைத் தொடக்கூடாது என்பதுதான் அந்தக் கல்லூரியில் முதல்நாள் பாடம். அன்று நிருஷன் வயலில் நின்றான், பிறகு குரற்பதிவில்தான் அதைக் கேட்டான். சோதனையன்று கம்பிகளைப் பூட்டி முடித்ததும் அவன் கைகளைக் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் கமலாட்சிக்கு முன்னால் விரித்துக் காட்டிவிட்டுத்தான் சுவிச்சைப் போட்டான்.