அங்கன்வாடிச் சுவரில் யானை

எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அஸ்திவாரம் தோண்டியவர்களில் நானும் ஒருவன். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நூறு நாள் வேலையில் அதற்கு முன் வாய்க்கால் வெட்டியிருக்கிறோம், வரப்புப் போட்டிருக்கிறோம். ஒரு மழை பெய்தால் நாம் செய்த வேலை எது என்று நமக்கே தெரியாது. கட்டடம் அப்படியில்லை. மேஸ்திரி சுவர் எழுப்ப எழுப்ப, நாங்கள் கல் சுமந்தோம், மண் கொட்டி மட்டம் செய்தோம், பூசிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அந்தக் குழுவில் நான் ஒருவன்தான் ஆண். மற்ற எல்லோரும் பெண்கள். எனக்கு இயல்பாகவே பேச வராது. வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுக்கும்போது எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

"மாமா, தலையக் கொஞ்சம் காட்டு. ஆளே வரலன்னு போட்டுருவாங்க" என்று ஒருத்தி சொல்வாள்.

"காட்டினா மட்டும்? போட்டோவுல பேசவா போறாரு?" என்பாள் இன்னொருத்தி. தெலுங்குக்காரப் பெரியம்மா ஒருவர் அவர் பாஷையில் ஏதோ சேர்த்துச் சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும். எனக்கும் சிரிப்பு வரும். குனிந்துகொள்வேன்.

அந்தக் கட்டடம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்ற அவசரம் என் வீட்டுக்குத்தான் அதிகம். என் மனைவிக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. எட்டு மணிக்கு ஊர் முனையில் வேன் வரும். நானும் வேலைக்குப் போய்விட்டால், மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாருமில்லை. "அங்கன்வாடி தொறந்ததும் வந்துடறேன்" என்று அவள் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தாள். அவர்களும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஓசூரிலிருந்து பெயின்டர் வந்தார். என்னென்ன படம் போட வேண்டும் என்று அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஆப்பிள், மயில், ரயில், யானை.

"தக்காளி போடுண்ணா. எங்க ஊர்ல ஆப்பிள யாரு கண்டாங்க?" என்றார்கள் பெண்கள்.

"லிஸ்ட்ல இல்லக்கா."

"ஆப்பிள் மாதிரியே போட்டு மேல பச்சையா ஒரு காம்பு வை. யாருக்குத் தெரியும்?"

அவர் அப்படியே வைத்தார். அதன் பிறகு வாசலுக்குப் பக்கத்தில் யானையை வரைந்தார். பசு மாட்டளவு பெரிது. நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்கிற யானை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். வாசலை நெருங்கியதும் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

தவறு என்னுடையதுதான். அறுவடைக்கு முன் ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு ராகிக் கொல்லைக்குப் போயிருந்தேன். சானமாவுக் காட்டிலிருந்து வந்த யானை ஒன்று விடிந்த பிறகும் போகாமல் பயிருக்குள் நின்றிருந்தது. நாங்கள் வரப்பில் ஏறியதும் அது எங்களைப் பார்த்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு இரண்டும் போய்விட்டன.

"சிரிக்குது பாரு பாப்பா" என்றார் பெயின்டர்.

"பாக்குது" என்றாள் அவள், முகத்தை என் தோளில் புதைத்தபடி. "என்னையே பாக்குது."

பெண்கள் கூடிவிட்டார்கள். அழித்துவிடலாம் என்றாள் ஒருத்தி. பட்டியலில் யானை இருக்கிறது, நாளைக்கு அதிகாரி வருகிறார், வெறும் சுவராக விட முடியாது என்றார் பெயின்டர். கண்ணைப் பொத்தி உள்ளே தூக்கிப் போய்விடு என்றாள் மற்றொருத்தி. தினமுமா பொத்துவது? என் மனைவி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எப்படிப் பேச்சு வந்தது என்று தெரியவில்லை.

"திருப்பி விட்டுருங்க" என்றேன்.

"எதண்ணா?"

"யானைய. முதுகு தெரியற மாதிரி. காட்டுக்குப் போற மாதிரி."

"ஏக்கா, மாமா பேசறாரு!" என்று ஒருத்தி கத்தினாள். ஆனால் அடுத்த நொடியே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் யானை வந்தால் யாரும் கொல்லைக்குப் போக மாட்டோம். அது காட்டுப்பக்கம் முதுகைத் திருப்பியதும் முதலில் பார்த்தவர் "திரும்பிடுச்சி!" என்று கூவுவார். அடுத்த கொல்லைக்காரர் அதையே கூவுவார். அந்தச் சத்தம் ஊருக்குள் வந்த பிறகுதான் மாட்டை அவிழ்ப்போம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோம்.

"இத்தன வருசமா யானை போடறேன். பின்பக்கம் கேட்ட ஊரு இதுதான்" என்று முனகிக்கொண்டே பெயின்டர் அந்தச் சிரிப்பை அழித்தார். பெரிய முதுகு, இரண்டு காது, நடுவில் ஒரு வால். தூரத்தில் மரங்கள்.

திறப்பு அன்று அதிகாரி அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "என்னங்க இது, யானை மூஞ்சிய காணோம்?"

"வேல முடிஞ்சி வூட்டுக்குப் போவுதுங்க சார்" என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி. அவரும் சிரித்துவிட்டார்.

மகளைக் கீழே இறக்கி விட்டேன். என் விரலைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

"போவுதா?"

"போவுது."

இன்னும் சற்றுப் பார்த்தாள். பிறகு கொல்லையில் நாங்கள் கூவுவதுபோலவே, "திரும்பிடுச்சி!" என்று உரக்கக் கூவிவிட்டு உள்ளே போனாள். வாசலில் நின்ற டீச்சர் திடுக்கிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

அடுத்த திங்கள்கிழமை என் மனைவி வேனில் ஏறினாள்.

இப்போது காலையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூவிவிட்டு உள்ளே போகிறார்கள். போகிறபோது யானையின் வாலை ஆளுக்கொரு தரம் தொட்டு இழுத்துப் பார்க்கிறார்கள். அதனால் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து உள்ளே சிமென்ட் தெரிகிறது. பெயின்டர் விட்டுப்போன சாம்பல் நிற டப்பாவை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை வாலுக்குப் பூசிவிட்டேன். டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.