டாக்டர் தம்பியும் நாலு இட்லியும்

போன வருடம் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த சமயம். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

எங்களுக்குக் கடலூர் முதுநகர். கணவருக்கு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. கம்பெனி ஷூ கடித்துக் கட்டைவிரலில் வந்த புண், சர்க்கரை வியாதியால் ஆறாமல் கறுத்துவிட்டது. கடலூரில் பார்த்தவர்கள் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன், தள்ளிப்போனால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இன்சுலின் ஊசியைப் பார்த்தாலே நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அதைப் போட்டால் சர்க்கரை இறங்கும், கால் தப்பிக்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

வார்டில் கண்ணாடி போட்ட ஒரு தம்பி இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் ஃபைல். புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுவார், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று பொறுமையாக விளக்குவார். நான் அவரை 'டாக்டர் தம்பி' என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாளே அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் பேச விட்டால்தானே! அதே வார்டுக்கு ஒல்லியாக ஒரு பெண்ணும் வந்து போகும். அந்தப் பெண்ணிடம், "சிஸ்டர், பாட்டில் முடிஞ்சி போச்சு", "சிஸ்டர், பெட்ஷீட் மாத்தச் சொல்லுங்க" என்று ஏவிக்கொண்டிருந்தேன். அதுவும் முகம் சுளிக்காமல் யாரையாவது அனுப்பி வைக்கும்.

நாலாம் நாள் காலையில் வெளியே ஹோட்டலில் இட்லி வாங்கி வந்தேன். கணவர் வாயைத் திறக்கவில்லை. குமட்டுகிறதாம். முந்தின ராத்திரி இன்சுலின் போட்ட பிறகும் அரை சப்பாத்திதான் உள்ளே போயிருந்தது. சாப்பிடவில்லை என்று தெரிந்தால் பெரிய டாக்டர் திட்டுவார், முந்தின நாளே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். "சாப்ட்டேன்னு சொல்லிடு" என்றார் இவர். வீணாக்குவானேன் என்று நாலு இட்லியையும் நானே சாப்பிட்டுவிட்டேன். பெரிய டாக்டர் வந்து கேட்டபோது, "நாலு இட்லி சாப்ட்டாரு சார்" என்று கூசாமல் சொன்னேன். அவர் முந்தின நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து இன்சுலினைக் கூட்டி எழுதிவிட்டுப் போனார். எனக்கு ஒரே சந்தோஷம்.

டாக்டர் தம்பி ஊசியோடு வந்தார். வந்தவர் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நெற்றி முழுக்க வியர்வை. மழைக் காலத்தில் இவருக்கு எப்படி வியர்க்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்! "உண்மையச் சொல்லுங்கம்மா, சாப்ட்டாரா?" என்றார். நான் மறுபடியும் அதே நாலு இட்லியைச் சொன்னேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டார்.

"இப்பப் போட முடியாதும்மா. டாக்டர்கிட்ட சொல்லணும்."

"இன்னா தம்பி, நீங்கதான டாக்டரு?"

"நான் டாக்டர் இல்லம்மா. ஸ்டாஃப் நர்ஸு."

அந்த நிமிடம் எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது? ஆள் அதே ஆள்தான், மூன்று நாளாக என் கணவரின் காலைப் பார்த்துக்கொண்ட அதே கைதான். ஆனால் அவர் மேல் இருந்த மரியாதை ஒரே வார்த்தையில் இறங்கிவிட்டது. ஆம்பளை நர்ஸா? இவர் யார், பெரிய டாக்டர் எழுதினதை நிறுத்துவதற்கு? கத்தினேன். "நர்ஸுன்னா எழுதனதப் போடுங்க! கால் போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?" வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் போனில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக் கணவரின் வாயருகே கொண்டுபோனார். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரைத் தண்ணியா! நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். நர்ஸின் சட்டையெல்லாம் சர்க்கரைத் தண்ணி.

அதற்குள் கணவர் என்னைப் பார்த்து, "ஷிப்டுக்கு நேரமாவுது, கேட்டத் தொற" என்று குழறினார். கண் எங்கேயோ சொருகியது. அந்த ஒல்லிப் பெண் ஓடி வந்தாள். "சிஸ்டர், டாக்டரக் கூப்டுங்க!" என்று அலறினேன்.

"நான்தாம்மா டியூட்டி டாக்டர். தள்ளுங்க."

தள்ளி நின்றேன். நர்ஸ் மருந்தை எடுத்துக் கொடுக்க, அந்தப் பெண் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். "என்ன சாப்ட்டார்?" என்று அவள் கேட்டதும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "அவரு சாப்புடலம்மா. நான்தான் சாப்ட்டேன்." கொஞ்ச நேரத்தில் கணவர் கண்ணைத் திறந்து என் பெயரைச் சொன்னார். டியூட்டி டாக்டர் நர்ஸிடம், "நல்ல வேள, போடல. ஏற்கெனவே சர்க்கர ரொம்ப எறங்கிக் கெடந்துச்சு, இன்சுலினும் போயிருந்தா உயிரே போயிருக்கும்" என்றாள். ட்ரேயில் அந்த ஊசி அப்படியே கிடந்தது.

மறுநாள் அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வேறு சட்டையில் இருந்தார். பெரிய பாராட்டாக நினைத்து, "நீங்க டாக்டர் மாதிரி தம்பி" என்றேன். அவர் முகம் சின்னதாக ஆகிவிட்டது. "நாலு வருஷம் நர்ஸிங் படிச்சிருக்கேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். புகழ்ந்தேனா, மறுபடியும் இறக்கினேனா என்று எனக்கே புரியவில்லை. வீட்டுக்கு வரும்வரை அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஏங்க" என்றே சமாளித்தேன்.

ஆபரேஷனில் கட்டைவிரல் போனது, பாதம் தங்கிவிட்டது. கணவர் மறுபடியும் ஷிப்டுக்குப் போகிறார். தெரியாத ஒருவரை டாக்டர் என்று நம்பியதில் எனக்கு வெட்கமில்லை. நர்ஸ் என்று தெரிந்த அந்த நிமிடத்தில், என் கணவரைக் கொல்லச் சொல்லி நான்தான் அவரிடம் சண்டை போட்டேன் என்பதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.