சகனில் உட்காரத் தெரிந்த பிள்ளை

ஓட்டலுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. போகலாம் என்பது அம்மா கட்சி. கூடவே கூடாது என்பது அத்தா கட்சி. வழக்குக்குக் காரணமான நான் அப்போது இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு பஜாரில் அத்தாவுக்குக் குடையும் சூட்கேஸும் ரிப்பேர் செய்கிற கடை. வேலை குவிந்த நாளில் எதிர் ஓட்டலில் மதியம் சாப்பிட்டுவிடுவார். அதனால் ஓட்டல் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் அனுபவஸ்தர்.

"ஓட்டல்ன்றது வேலைக்குப் போற ஆம்பள பசிக்குத் துன்ற எடம். புள்ளைங்கள இட்டுகினு போனா இன்னா ஆவும்? தண்ணியக் கொட்டும், டம்ளர உருட்டும், வேணும்னு கேட்டத வந்தப்பறம் வேணாம்னும். சர்வர் புள்ளையப் பாக்க மாட்டான். என் மூஞ்சியப் பாப்பான்" என்பார். இன்னும் நடக்காத அந்தப் பார்வையை நினைத்தாலே அவருக்குக் காது சிவந்துவிடும். மானத்தை அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி வைத்திருந்தார். போட்டுக்கொண்டு வெளியே போவதைவிடப் பெட்டிக்குள் மடித்து வைப்பதுதான் அதற்குப் பத்திரம்.

அம்மாவிடம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. "எம்புள்ள சகன்ல உக்காந்து துன்ன புள்ள. அதுக்குத் தெரியாத மரியாதையா?"

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கடப்பாக்கம். அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் ஆளுக்கொரு இலை கிடையாது. பெரிய தட்டு நிறையச் சோற்றைக் கொட்டி, நடுவே கறியை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குப் பேர்தான் சகன். அதில் உட்காருவதற்குச் சட்டங்கள் உண்டு. அம்மா அவற்றை எனக்கு நடக்கப் பழக்கினதுபோலப் பழக்கியிருந்தாள். வலது கைதான். உன் முன்னால் இருக்கிற சோற்றில்தான் கை போக வேண்டும். நடுவில் இருக்கிற கறியில் நல்ல துண்டாகப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் நீயே வைக்க வேண்டும், உன் பக்கம் இன்னொருவர் வைப்பார். ஒரு சகனில் ஆள் குறைந்தால் யாராவது கூப்பிடவேண்டும் என்று நிற்கக்கூடாது, போய் உட்கார்ந்துவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் சரி. கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக்கூடாது.

நான் இதில் கெட்டிக்காரி. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டுப் புள்ள, இவ்ளோ அழகா உக்காந்து துன்னுது" என்று யாராவது கேட்பார்கள். அம்மா பதில் சொல்லாமல் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொள்வாள். அதுதான் அவளுடைய பதில்.

அத்தாவின் கட்சி தோற்றதற்குக் காரணம் மாமா. அம்மாவின் தம்பி. சவுதியிலிருந்து லீவில் வந்தவர், வந்த வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமல்லபுரத்துக்குப் போகிறோம், கடற்கரை ஓரமாக மீன் சாப்பிடுகிறோம். அத்தா தன்னிடம் இருந்த கடைசிக் கேள்வியையும் எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஹலாலா இல்லையா என்று எப்படித் தெரியும்?

"மீனுக்கு இன்னா மச்சான் ஹலாலு? கடல்லேர்ந்து வந்துச்சா, முடிஞ்சுது."

அத்தா அம்மாவைப் பார்த்தார். "சரி. ஆனா புள்ள எதுனா பண்ணிச்சின்னா உன்னத்தான் கேப்பேன்."

"ஒண்ணும் பண்ணாது. பண்ணிச்சுன்னா இனிமே ஓட்டல் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா. அவள் பந்தயமே கட்டிவிட்டாள் என்பதும், பந்தயப் பொருள் நான்தான் என்பதும் எனக்குப் புரிந்தது. ஓட்டலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அம்மா எனக்குத் தனியாக எதுவும் சொல்லித்தரவில்லை. அவளும் ஓட்டலுக்குப் போனதில்லையே. "சகன்ல எப்டி இருப்பியோ அப்டி இரு, போதும்" என்றாள்.

அன்று காலை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அம்மா அதைச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டு, புறப்படும்போது சமையலறைப் பக்கம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். எதையோ மறந்துவிட்டவள் மாதிரி. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாமாவிடம் மெதுவாக ஒன்று சொன்னாள். "எவனாச்சும் கொண்ணாந்து வெக்கணும், நான் உக்காந்து துன்னணும். ஒரு நாளு." மாமா சிரித்தார். அம்மாவுக்கு மீன் என்றால் அவ்வளவு ஆசை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல் கடற்கரைக்குப் போகிற சந்தில் இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, பிரம்பு நாற்காலிகள். வாசலில் ஐஸ் கட்டிமேல் மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியதைக் காட்டினால் பொரித்துத் தருவார்கள். சட்டை போடாத வெள்ளைக்காரர் ஒருவர் ஓரத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அத்தா அவருக்கு முதுகு காட்டுகிற மாதிரி ஒரு மேசையைத் தேடிப் பிடித்தார்.

மீன் வர நேரமாகும் என்று சர்வர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஜக்கைப் பார்த்ததும் எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றப் போனாள்.

"உக்காருக்கா. அவன் வந்து ஊத்துவான்" என்றார் மாமா.

உட்கார்ந்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். கல்பாக்கம் பக்கம் உத்தியோகம் பார்க்கிறவர்களாக இருக்கும் என்று மாமா சொன்னார். அப்பா, அம்மா, என் வயசில் ஒரு பையன். பையன் கழுத்தில் கைக்குட்டையைச் சொருகிக்கொண்டு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தான். "பாரு, அதான் வளத்த புள்ள" என்று அத்தா என் காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னார். அம்மா என் தலைமுடியை மட்டும் சரி செய்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்தது.

அவர்கள் மேசைக்கு மீன் வந்தது. முழுக் கொடுவா. என் கை நீளம் இருக்கும். ஒரு தட்டில் வெங்காயமும் எலுமிச்சையும் சுற்றி வைத்து, மேசை நடுவே வைத்தார் சர்வர். நடுவில் பெரிய தட்டு. சுற்றி மூன்று பேர். நாலாவது நாற்காலி காலி.

இதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆள் குறைகிறது. மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். நான் போய்க் கை கழுவினேன். அந்தக் காலி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பிஸ்மில்லா சொன்னேன். வயிற்றுப் பக்கத்தில் முள்ளில்லாத நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து, அந்தப் பையன் முன்னால் வைத்தேன். சட்டப்படி செய்தேன். இப்போது நினைத்தாலும் அதில் ஒரு பிழை சொல்ல முடியாது.

பையன் அதை எடுத்து வாயருகே கொண்டுபோனான். அவனுடைய அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். "ச்சீ, கை பட்டுடுச்சு. சாப்பிடாத."

சத்தமாகச் சொல்லவில்லை. பால் பொங்குகிறது, அடுப்பை அணை என்கிற மாதிரித்தான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, எழுந்து போம்மா" என்றாள். கடைசி ஆள் முடிக்கும் முன் எழுந்தால் மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எழவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு துண்டைப் பிய்த்து அவள் பக்கம் வைத்தேன்.

அதற்குள் அத்தா வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது பையனின் அப்பாவுக்கா, வந்து நின்ற சர்வருக்கா, புத்தகம் படித்துக்கொண்டிருந்தாரே அந்த வெள்ளைக்காரருக்கா என்று தெரியவில்லை. எல்லோரையும் பார்த்துச் சொன்னார். சர்வர், அத்தா எப்போதும் சொல்வாரே அதே மாதிரி, அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"பரவாயில்லைங்க, குழந்தைதானே" என்றார் பையனின் அப்பா. நல்ல மனிதர்தான். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. "இந்தத் தட்டை அவங்க டேபிள்லயே வெச்சிடுங்க. பாப்பா சாப்பிடட்டும். எங்களுக்கு வேற கொண்டாங்க" என்று சர்வரிடம் சொல்லிவிட்டார்.

கொடுவா எங்கள் மேசைக்கு வந்தது. வயிற்றில் என் விரல் தோண்டின பள்ளத்தோடு.

"இன்னா மச்சான், நம்ம புள்ள தொட்டா துன்னக்கூடாதா? நாய் வாய் வெச்சிச்சா?" மாமா குரலை உயர்த்தினார்.

"வுடுப்பா. எழுந்திரு, போலாம்." அத்தா நின்றுகொண்டே இருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. அம்மாவைப் பார்த்து, "நான் இன்னா சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து முன்னால் வந்தாள். தட்டை நடுவே இழுத்தாள். "உக்காருங்க. ரெண்டு பேரும் உக்காருங்க. புள்ள தப்பா ஒண்ணும் பண்ணல." கை கழுவிவிட்டு வந்து பிஸ்மில்லா சொன்னாள். நான் தோண்டின பள்ளத்திலிருந்தே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். பக்கத்து மேசையிலிருந்து மூன்று பேரும் பார்த்தார்கள். சர்வர் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. மாமா உட்கார்ந்து தட்டில் கை வைத்தார். அத்தாவும் மெல்ல உட்கார்ந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்தவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதை அம்மா தின்கிறாள். அதுவும் கரண்டி இருக்கக் கையால் தின்கிறாள். அந்தப் பையன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கைக்குட்டை கழுத்தில் அப்படியே இருந்தது, ஒரு பொட்டு கறை இல்லாமல்.

அம்மா முள்ளெடுத்து ஒரு துண்டைப் பிய்த்து என் பக்கம் வைத்தாள். "நீயும் துன்னு, கண்ணு."

நான் முதுகை நிமிர்த்தினேன். பக்கத்து மேசைக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: "ச்சீ, கை பட்டுடுச்சு. எனக்கு வேணாம்."

அம்மாவின் கை அந்தத் துண்டின் பக்கத்தில் அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். தின்னவில்லை. கை கழுவிவிட்டு வந்து, முன்புபோல மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். நாங்கள் சொல்லியிருந்த மீன் வந்தபோது மாமாவும் அத்தாவும் சாப்பிட்டார்கள். நான் கரண்டியால் சாப்பிட்டேன். தண்ணீர் கொட்டவில்லை, டம்ளர் உருளவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டாள் அம்மா.

திரும்புகிற பஸ்ஸில் மாமா கடலைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார். அத்தாவுக்குக் கோபம் ஆறிவிட்டிருந்தது. சமாதானமாகத்தான் சொன்னார்: "பரவால்ல. கடைசில புள்ள கத்துகிச்சு. அடுத்த தபா ஒழுங்கா இருக்கும்."

"இருக்கும்" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அத்தா சொன்னதுபோலவே நடந்தது. அவருக்கு என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போகிற பயம் விட்டுப்போனது. ஈதுக்கு மறுநாள், பரீட்சை முடிந்த நாள் என்று போனோம். ஓட்டலில் என்னைப்போல அடக்கமான பிள்ளை கிடையாது என்று சர்வர்களே சொன்னார்கள். அத்தா என்னைத் தட்டிக்கொடுத்தார். அம்மா வரமாட்டாள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வூட்டப் பாத்துக்கறேன்" என்பாள். ஓட்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று நானே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடப்பாக்கத்துக்கு விசேஷத்துக்குப் போகும்போது மட்டும் நானும் அம்மாவும் ஒரே சகனில் உட்காருவோம். அம்மா வழக்கம்போல நடுவிலிருந்து நல்ல துண்டாகப் பிய்த்து வலது பக்கத்தில் இருப்பவருக்கு வைப்பாள். எதிரில் இருப்பவருக்கு வைப்பாள். முன்பின் தெரியாத பிள்ளைகள் பக்கம்கூட எலும்பு நீக்கி வைப்பாள். என் பக்கம் வரும்போது அவள் கை கொஞ்சம் நின்று திரும்பிவிடும். நானே எடுத்துக்கொள்வேன்.

நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் அம்மா வைப்பதில்லை என்று நினைத்து எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.