இரவல் மகன்

இன்றைக்கும் எனக்குப் படிவங்களைக் கண்டால் எரிச்சல் வரும். வங்கித் தாளோ ரயில் முன்பதிவுத் தாளோ, கட்டம் கட்டமாகப் பார்த்ததும் பேனாவை எங்காவது வீசிவிடலாமா என்றிருக்கும். எல்லாம் நான் படித்த படிப்பால் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை படித்தேன். இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு எனக்கு வந்த தலைப்பு, ஈழத்து அகதிக் குடும்பங்களின் மனக்காயமும் மீண்டெழும் திறனும். மனக்காயத்துக்கு நாற்பது கேள்வி, மீண்டெழுவதற்கு இருபது. கூட்டிக் கழித்தால் ஒரு மனுஷி எவ்வளவு உடைந்திருக்கிறாள் என்று கணக்குத் தெரிந்துவிடும் என எங்கள் துறைத் தலைவர் நம்பினார். நானும் நம்பினேன். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக இருக்கிறது.

முகாம் கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. ஒரு பழைய நெல் கிடங்கு, அதைச் சுற்றி வரிசையாகக் கொட்டகைகள். கோபியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, பிறகு வாழைத்தோப்பு வழியே நடக்க வேண்டும். முகாம்காரர் என்றாலே ஊரார் ஓரடி தள்ளி நின்ற காலம். கண்டக்டர்கூட, "அங்க எதுக்குங்க அம்மணி போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார்.

நான் அதிக நாள் பேசியது ஒரு அம்மாவிடம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஊரில் ஷெல் விழுந்து இறந்தவர். பிறகு மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு படகேறி வந்திருக்கிறார். மூன்று பேரும் குடும்ப அட்டையில் பதிந்தவர்கள். ஆனால் நான் போன காலத்தில் வீட்டில் அம்மாவும் பன்னிரண்டு வயது மகளும் மட்டுமே இருந்தார்கள். பத்தொன்பது வயது மகன் ஒருநாள் காலை பெயிண்ட் வேலைக்கென்று சோற்றுத் தூக்குப்போசியோடு கிளம்பிப் போனவன், திரும்பவில்லை. அது நடந்து இரண்டு வருடம். திரும்பக் கடலைத் தாண்டிவிட்டான் என்றார்கள் சிலர். எங்கோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது.

கேள்விகளை ஆரம்பித்தேன். போன மாதம் கெட்ட கனவு எத்தனை முறை வந்தது: இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.

"நித்திரை வந்தால்தானே பிள்ளை கனவு வாறது" என்றார்.

அதற்குக் கட்டம் இல்லை. குடும்பத்தில் இறந்தவர் விவரம் கேட்டபோது கணவர் இறந்த நாளை நாழிகையோடு சொன்னார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்த கையோடதான் வள்ளம் ஏறினனாங்கள். அந்தக் கிரியை செய்யாமல் விட்டால் போன உயிருக்கு வழி கிடையாது" என்றார். மகனைப் பற்றிக் கேட்டேன். "வேலைக்குப் போனவன். வருவன்" என்றார். படிவத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே குறியிட இரண்டே கட்டம்: உயிருடன், இறந்தவர். காணாமல் போனவர் என்று மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று அதை அச்சடித்த புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த வரியை அப்போதைக்கு விட்டு வைத்தேன்.

முகாமில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செக்கிங் நடக்கும். அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகக் கூப்பிடுவார், குடும்பம் முழுவதும் எதிரே போய் நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். அடுத்த கொட்டகையில் ஒரு பெயிண்டர் குடியிருந்தார், இருபத்தைந்து வயதுக்காரர். தன் மனைவி குழந்தையோடு மேசைக்கு முன்னால் நின்று தலையைக் காட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது உடம்பில் வேறு சட்டை, வெளிர் நீலம். வந்து அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றார். மகனின் பெயரைக் கூப்பிட்டார்கள். "ஐயா" என்றார்.

அதிகாரிகள் அடிக்கடி மாறுவார்கள், முகம் பழகாது. இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. முகாமே சேர்ந்து அந்தப் பையனைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உயிரோடு நிறுத்தி வைத்திருந்தது.

செக்கிங் முடிந்ததும் அம்மா பெயிண்டருக்குச் சோறு போட்டார். கத்தரிக்காய்க் கறியும் சொதியும். அந்தச் சட்டையோடுதான் அவர் சாப்பிட வேண்டும், அது எழுதாத சட்டம். சாப்பிட்டு முடித்துக் கழற்றிக் கொடுத்ததும் அம்மா தையலைத் திருப்பிப் பார்த்தார். பெயிண்டரின் தோள் அகலம், ஒவ்வொரு முறையும் கக்கத்தில் பிரிந்துவிடும். அங்கேயே ஊசி எடுத்துத் தைத்துக் கொடியில் போட்டார்.

"நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. அதுதான் ஒளிக்கேல்லை" என்றார் என்னிடம்.

கோவை திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் படித்த 'மறுப்பு நிலை' கண் முன்னால் சோறு சாப்பிட்டதைப் பார்த்துவிட்டேனே. உட்கார்ந்து எழுதித் தள்ளினேன். மகன் இறந்ததை இந்தத் தாய் ஏற்க மறுக்கிறார், கணக்கெடுப்பு நாளில் பக்கத்து வீட்டுப் பெயிண்டருக்கு மகனின் சட்டையை அணிவித்து நிறுத்துகிறார், இவருக்கு உடனடியாக மனநல ஆலோசனை தேவை. விட்டு வைத்த வரியில் 'இறந்தவர்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். பெயர்கள் எதையும் போடவில்லை, குடும்பம் எண் பதினேழு என்றுதான் எழுதினேன். ரகசியம் காத்துவிட்டேன் என்று பெருமை வேறு. தண்ணீர்த் தொட்டி, நீலச் சட்டை, பெயிண்டர் என்று அத்தனையும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல.

ஆய்வுக்கு முதல் மதிப்பெண் வந்தது. முகாமுக்குள் போக அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது நிபந்தனை. அதில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். பிரதி போயிற்று. அடுத்த செக்கிங்கில் பெயிண்டரைத் தொட்டிக்குப் பின்னாலேயே பிடித்தார்கள். விசாரணைக்கு என்று கூட்டிப் போய் மூன்றாம் நாள் விட்டார்கள். மகனின் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தார்கள்.

செய்தி எனக்கு எட்டியதும் துறைத் தலைவரிடம் ஓடினேன். "உண்மையைத்தானேம்மா எழுதியிருக்கீங்க" என்றார். அலுவலகத்துக்குப் போனேன். நான் எழுதியது தவறு, எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று மனு நீட்டினேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்களே எழுதிக் குடுத்துப்போட்டு நீங்களே அழிக்கச் சொன்னா எப்படிங்க? பையனைக் கூட்டியாந்து நிறுத்துங்க, பேரைச் சேர்த்துப்போடறோம்."

மூன்று முறை போனேன், மூன்று முறையும் இதே பதில், இதே மரியாதை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று எங்கள் அப்பா யாரையாவது சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு முகாமுக்குப் போனேன். பெயிண்டர் வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அம்மா மட்டும், "வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். நீலச் சட்டை கொடியில் இல்லை. பெட்டியின் மேல் மடித்து வைத்திருந்தது.

"தப்புப் பண்ணிப்போட்டேனுங்கம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் அழவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவன் செத்துப்போனான் எண்டு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள். எந்தத் திகதி எண்டு சொல்லுங்கோ பிள்ளை. அதில இருந்து எண்ணி அவனுக்கு அந்தியேட்டி செய்யவேணும்."

படிவத்தில் இறந்த தேதிக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. தெரியாததால் அதை நான் காலியாக விட்டிருந்தேன்.