அணைந்த மலைகளில் ஒரு ஞாயிறு

என் மனைவியைச் சந்திக்க நான் பிறர் வீட்டு அழைப்புமணியை அழுத்த வேண்டும். இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெரு மாடியொன்றில், திரேசா ஒரு முதிய சிஞ்ஞோராவை, அந்த வீட்டுச் சீமாட்டியை, இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறாள். வியாழன் பிற்பகலும் ஞாயிறும் விடுப்பு. நான் இருப்பது மகள் வீட்டில். மன்னார் அரசாங்கக் கச்சேரியில் எழுத்தர்களுக்குத் தலைவனாக, பிரதம லிகிதராகப் பிறருடைய லீவுகளைத் தீர்மானித்தவனுக்கு, சொந்த மனைவி லீவில்தான் கிடைக்கிறாள்.

ஊரில் போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை தொடங்கியிருந்த மாதங்கள் அவை. திரும்பிப் போவோமா என்று அவளிடம் கேட்க, அந்த மணியோசை எட்டாத இடம் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு துறைமுகத்தில் கப்பலேறி உஸ்திகாத் தீவுக்குப் போனோம். அணைந்துபோன சில சிறு எரிமலைகள் கடலுக்கு மேலே தலைநீட்டி நிற்பதுதான் அந்தத் தீவு.

மலைகள் என்பது மரியாதைக்கு. கவிழ்த்துவைத்த பானைகள் போலத்தான் இருந்தன. கரிய கல்லிடுக்கெல்லாம் சப்பாத்திக்கள்ளியும் மஞ்சள் பூக்களும். ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய குழிக்குள் ஒரு கிழவர் களை கொத்திக்கொண்டிருந்தார். மலை மறுபடி வெடிக்குமா என்று என் இத்தாலியனில் கேட்டேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "எந்தச் சிஞ்ஞோரா வீட்டில் வேலை?" என்றார். கையால் வெடித்துக் காட்டிய பிறகே, அது ஆதாம் காலத்தில் செத்துவிட்டது என்றார்.

"மரணச் சான்றிதழ் ஆர் குடுத்தது? உங்கட கச்சேரியோ?" என்றாள் திரேசா.

கிழவரின் செடிகளைக் கண்டதும் குந்திவிட்டாள். பருப்புச் செடி. பிறந்தது முதல் மைசூர்ப் பருப்பு தின்றும் நாங்கள் அதன் செடியைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் அது கூட்டுறவுச் சங்கக்கடை மூட்டையில் விளைவது. கிழவர் போன வருடத்துப் பருப்பில் ஒரு பொட்டலம் தந்தார்.

குழியின் விளிம்பில் உட்கார்ந்து நடைமுறை முழுவதையும் விளக்கினேன்: கொழும்பு, வவுனியா, பயண அனுமதிக்குப் பாஸ், எங்கள் வீட்டில் இப்போது குடியிருப்பவர்களை எழுப்ப யாரைப் பார்ப்பது.

"நீர் ஓம் எண்டு சொன்னாப் போதும்," என்றேன்.

"சிஞ்ஞோரா மனுசிக்கு என்ர கையாலதான் சாப்பாடு இறங்கும். வியாழக்கிழமை சொல்லுறனே."

பாஸுக்கு வரிசையில் நின்றவர்களிடம் நான் "நாளைக்கு வாருங்கோ" என்று சொல்லும்போது அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று கவனித்ததில்லை. அன்று அந்த முகம் எனக்கிருந்திருக்கும்.

மாலையில் சிஞ்ஞோரா வீட்டு வாசலில் பருப்பைச் சரிபாதியாகப் பிரித்தாள்.

அந்த வியாழன் வருமுன் பேச்சுவார்த்தை முறிந்தது. என் விண்ணப்பம் பதிலில்லாமலே காலாவதியானது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் பங்கு சிஞ்ஞோராவுக்குச் சூப்பாகிவிட்டது. என் பங்கு மகள் வீட்டு அலுமாரியில் ஒரு போத்தலில் இருக்கிறது, விதைக்கென்று. மன்னார் மணலில் அது முளைக்காது என்பது எனக்குத் தெரியும்.